செப்டம்பர் மாத ஜெபக் கடிதம்

சாத்தூர், மார்த்தாண்டம், மஸ்கட் என்று
நூற்றுப் பன்னிரண்டு பங்காளர்களுக்குப் போக வேண்டும்.
எப்போதும் இவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன்.
இன்று இவர்
ஒரு பையனின் விசாவுக்காக
வெளிநாட்டவர் பதிவு அலுவலக வரிசையில் நிற்கிறார்.
"நீயே எழுதிடு ஹெப்சி" என்றார் போனில்.

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே,
பெங்களூர் மாணவர் ஐக்கியம் கர்த்தருடைய கிருபையால்
வெள்ளிதோறும் தடையின்றி நடந்து வருகிறது.

தடையின்றி என்று அடித்ததும் விரல் நின்றது.
போன வெள்ளி தண்ணீர் லாரி வரவில்லை.
வந்தவர்கள் பத்தொன்பது பேர்.
ஹென்னூர் வீட்டின் மாடிப்படி முழுக்க ஷூ,
சிலதில் என் மகள் முழங்கால் வரை இறங்கலாம்.
வீட்டுக்கார அம்மா இறங்கி வந்து
ஷூக்களை எண்ணினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணிவிட்டு மேலே போனாள்.

நீமா என்றால் அவர்கள் மொழியில் கிருபையாம்.
தேர்வு வாரத்தில் விடுதிக்காரர் பெட்டியை வெளியே வைத்ததிலிருந்து
மூன்று வாரமாய்
கிருபை என் மகளின் கட்டிலில் உறங்குகிறது.
என் மகள் எங்கள் நடுவில்,
முழங்கையும் முட்டியுமாய்.
ராகிக் களி கிண்டிப் போட்டேன் ஒருநாள்.
"எங்க ஊர்க் களிக்குக் கறுத்த தங்கச்சி" என்று
உருட்டி உருட்டிச் சாப்பிட்டாள் நீமா.
இதை எழுதலாம். இதற்குக் காணிக்கை வரும்.

அந்த வெள்ளி சாப்பாட்டுக்கு முன்
கெத்சியாவை ஜெபிக்கச் சொன்னார் இவர்.
எட்டு வயது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு
நல்ல தமிழில் சத்தமாய்ச் சொன்னாள்:
"இயேசப்பா, இவங்க எல்லாரையும்
சீக்கிரம் அவங்கவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க.
என் ரூம் எனக்கு வேணும்."

ஆமென் என்றது கூடம்.
தமிழ் தெரியாத பத்தொன்பது தொண்டை.
ஆமென் சொல்லாமல் கண்ணைத் திறந்தார் இவர்.

"பாப்பா என்ன ஜெபித்தாள்?" என்று கேட்டான் டெங்.
இவர் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு
அடுக்களைக்குள் போய்விட்டார்.
நான் இங்கிலீஷில் ஒரு பொய்யைத் தேடினேன்.
அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்,
பள்ளிக்கூட இங்கிலீஷில்,
ரூம் உட்பட.

முதலில் நீமா சிரித்தாள். பிறகு எல்லாரும்.
டெங் சிரிக்கவில்லை.
ஆறடி நாலங்குலம்; தெற்கு சூடான்.
அம்மா உகாண்டாவில் ஒரு முகாமில்.
வீடு இருந்த தெருவை
செயற்கைக்கோள் படத்தில் எனக்குக் காட்டியிருக்கிறான்,
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி,
மண் நிறம் மட்டும் வரும் வரை.

சோற்றிலிருந்து கையை எடுத்துக் கேட்டான்:
"இன்னொரு தரம் ஜெபிப்பாயா?
என் பேரைச் சொல்லி?"

அவள் என்னைப் பார்த்தாள்.
அடி விழுமோ என்று பார்க்கும் பார்வை.
பிறகு கண்ணை மூடினாள்.
"இயேசப்பா, டெங் அண்ணாவ வீட்டுக்கு அனுப்பிடுங்க."
கொஞ்சம் யோசித்து,
"என் ரூமும் வேணும்."
அதை அவள் இந்தத் தடவையும் விடவில்லை.

டெங் மட்டும் ஆமென் என்றான்.
மெதுவாக. தமிழர் சொல்வதுபோல் இழுத்து.

எங்கள் பிள்ளையும் ஊழியத்தில் உற்சாகமாய்ப் பங்கெடுக்கிறாள்.
அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன்.

போன் வருகிறது. விசா ஆறு மாதம் நீண்டிருக்கிறது.
பையன் காலையிலிருந்து சாப்பிடவில்லையாம்,
கூட இரண்டு பேர் இருக்கிறார்களாம்.
"ஒண்ணும் விசேஷமா வேண்டாம், ரசம் போதும்" என்கிறார்.
ரசம் தானாகக் கொதிக்கும் என்பது இவர் விசுவாசம்.

மூன்று ஆழாக்கு அளந்துவிட்டு
இன்னொன்றும் போட்டேன்.
ஜெபக் குறிப்புகள் என்று தலைப்பு மட்டும் இருக்கிறது திரையில்.
கீழே என்ன எழுத?
அந்த முதல் ஜெபத்துக்கு
தமிழ் தெரிந்தே ஆமென் சொன்னவள்
நான் ஒருத்திதான்.